டி.என்.ஏ. சீரமைப்பு நொதிக்கு மேல்மரபியல் பங்கு உண்டா என்பதை ஆராய்வது எப்படி?

ஒரு சீரமைப்பு நொதிக்குரிய மரபணுவைச் செல்லிலிருந்து நீக்கிப் பார்க்கிறோம். அந்நொதியோடு தொடர்பே இல்லாதவை என்று நினைத்திருந்த வேறு பல மரபணுக்களின் செயல்பாடு கூடுகிறது அல்லது குறைகிறது. உடனே அந்த நொதிக்கு மேல்மரபியல் பங்கு இருக்கலாம் என்று எழுதிவிடத் தோன்றுகிறது. அந்த 'இருக்கலாம்' என்பதைச் சோதனைக்கு உட்படுத்தத்தக்க கேள்விகளாகப் பிரித்துக்கொண்டு, அவற்றுக்கு எந்த வரிசையில் விடை தேடுவது என்பதை முதுநிலை மாணவர்களுக்கும், இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மதிப்பிட வேண்டியவர்களுக்கும் விளக்குவதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

எபிஜெனிட்டிக்ஸ் என்று வழங்கும் மேல்மரபியல், டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை மாறாமலே மரபணுக்களின் செயல்பாட்டில் ஏற்பட்டு, செல் பிரிந்த பின்னும் தொடரக்கூடிய மாற்றங்களைப் பற்றியது. அந்த மாற்றங்களில் மிக நன்றாக ஆராயப்பட்டது சைட்டோசினின் மெத்திலேற்றம், அதாவது டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசின்மீது மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதி ஒரு குறியாக ஒட்டுவது. டி.என்.ஏ. சீரமைப்போ எழுத்து வரிசையைப் பிழையின்றிக் காப்பதற்கென்று அமைந்த வேலை. இவ்விரண்டும் வெவ்வேறு துறைகளாக வளர்ந்தன என்றாலும் தொடக்கத்திலிருந்தே ஒட்டி நின்றவை. மெத்திலேற்றம் செல்லின் நினைவாகச் செயல்படக்கூடும் என்ற கருத்தை 1975இல் முன்வைத்தவர்களுள் ஒருவரான ராபின் ஹாலிடே, 1964இல் டி.என்.ஏ. மறுசேர்க்கையை விளக்கும் இணைப்பு அமைப்பை முன்மொழிந்த அதே அறிஞர்தான். ஆர்தர் ரிக்ஸும் அதே 1975இல் தனியே ஒத்த கருத்தை வெளியிட்டார்.

சீரமைப்பு நொதிகள் ஏன் இந்தக் கதைக்குள் வர வேண்டும் என்பதற்கு விடை வேதியியலில் இருக்கிறது. மெத்தில் தொகுதி சைட்டோசின் வளையத்தின் 5ஆம் கார்பனோடு கார்பன்–கார்பன் பிணைப்பால் இணைந்துள்ளது. இது வலுவான பிணைப்பு ஆதலால், மெத்தில் தொகுதியை மட்டும் தனியே பிடுங்கியெடுப்பது செல்லுக்கு எளிதன்று. எம்.பி.டி.2 என்ற புரதம் அப்படிப் பிடுங்கிவிடுகிறது என்று 1999இல் ஒரு கூற்று வந்தது. பிற ஆய்வகங்களால் அதனை மீண்டும் காட்ட இயலவில்லை. குறியைத் தனியே கழற்ற முடியாதபோது, அக்குறியைத் தாங்கிய காரத்தையே (டி.என்.ஏ.யின் எழுத்தையே) வெட்டியெறிந்துவிட்டு, மெத்தில் இல்லாத புதிய சைட்டோசினை அங்கே பொருத்துவது ஒரு வழி. காரத்தை வெட்டி எடுப்பதும், வெற்றிடத்தை நிரப்புவதும், இழையை ஒட்டுவதும் சீரமைப்பு நொதிகளின் அன்றாட வேலைகளே. ஆகவே நாம் கேட்க வேண்டிய அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இந்த நொதி தற்செயலாக நேர்ந்த சேதத்தைச் சரிசெய்கிறதா, அல்லது குறியை மாற்றுவதற்காகச் செல்லே வேண்டுமென்று உண்டாக்கிய ஒரு சேதத்தைப் பயன்படுத்திக்கொள்கிறதா? கீழ்வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குவதற்கானவை.

முதற்படி: நொதி எந்தக் காரத்தை நீக்குகிறது?

சேதமடைந்த காரத்தைச் சர்க்கரையிலிருந்து துண்டிப்பது கிளைக்கோசிலேஸ் என்ற நொதி வகை. பாலூட்டிகளில் இவ்வகையில் 11 நொதிகள் உள்ளன. துண்டித்த இடத்தில் காரமற்ற சர்க்கரை எஞ்சும்; ஏ.பி.இ.1 நொதி அங்கே இழையை வெட்ட, பாலிமரேஸ் பீட்டா புதிய நியூக்ளியோடைடைச் சேர்க்க, எக்ஸ்.ஆர்.சி.சி.1 புரதத்தோடு இணைந்த லைகேஸ் 3 இழையை ஒட்டுகிறது. காரம் வெட்டிச் சீரமைக்கும் இந்த வழிமுறையின் முதல் நொதியை, அதாவது யுராசிலை நீக்கும் கிளைக்கோசிலேஸை, டோமஸ் லிண்டால் 1974இல் ஈ. கோலை பாக்டீரியாவில் கண்டறிந்தார். 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் பால் மாட்ரிச், அசீஸ் சான்சார் ஆகியோருக்கும் டி.என்.ஏ. சீரமைப்பு ஆய்வுகளுக்காகவே வழங்கப்பட்டது.

சைட்டோசின் தானாகவே அமைன் தொகுதியை இழந்து யுராசிலாக மாறுகிறது. ஒரு மனிதச் செல்லில் நாளொன்றுக்கு 100 முதல் 500 வரை இப்படி நேரும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. யுராசில் டி.என்.ஏ.வுக்கு உரியதன்று, எனவே யூ.என்.ஜி. நொதி அதனை உடனே இனங்கண்டு நீக்குகிறது. மெத்தில் தாங்கிய சைட்டோசின் அமைன் தொகுதியை இழந்தால் கிடைப்பது தைமின். அது டி.என்.ஏ.வுக்கு உரிய எழுத்துதான். எதிரே குவானின் இருப்பதைக் கொண்டு மட்டுமே அது பிழை என்று அறிய முடியும். இந்தத் தைமின்–குவானின் பொருத்தமின்மையைக் கண்டு தைமினை நீக்குபவை டி.டி.ஜி., எம்.பி.டி.4 ஆகிய இரு நொதிகள். இந்த மாற்றம் சாதாரணச் சைட்டோசினில் நடப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் நடப்பதாலும், சீரமைப்பு தாமதமாவதாலும், மெத்திலேற்றம் நிகழும் இடங்கள் பரிணாமக் காலத்தில் தேய்ந்துபோயின. சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் சி.பி.ஜி. இணைகள் மனித மரபணுத்தொகுதியில் எதிர்பார்க்கத்தக்க அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியுள்ளன. அப்படி எஞ்சிய சுமார் 2.8 கோடி இணைகளில் 70 முதல் 80 விழுக்காடு வரை உடற்செல்களில் மெத்திலேற்றம் பெற்றவை.

இந்த முதற்படியிலேயே ஒரு பொறி இருக்கிறது. தைமினை நீக்கி அங்கே சைட்டோசினைப் பொருத்தும்போது, அந்தப் புதிய சைட்டோசினில் மெத்தில் இருக்காது. மெத்தில் குறைந்தது என்பதற்காக அந்நொதியை மேல்மரபியல் நொதி என்று சொல்லிவிட முடியாது. அது பிழையைத் திருத்தியது, குறி இழந்தது அதன் பக்கவிளைவு. எதிரிழையில் மெத்தில் இன்னும் இருப்பதால், பாதி மெத்திலேறிய அந்த இடத்தை யூ.எச்.ஆர்.எஃப்.1 இனங்கண்டு டி.என்.எம்.டி.1 நொதியை அழைத்துவந்து குறியை மீட்டுவிடவும் கூடும். எனவே குறி இழந்ததா என்பதோடு, இழந்தது நிலைத்ததா என்றும் கேட்க வேண்டும்.

பெயர்களால் ஏற்படும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. எம்.ஜி.எம்.டி. என்ற நொதி ஓ6-மெத்தில்குவானினிலிருந்து மெத்திலைத் தன் சிஸ்டீன் மீது ஏற்றுக்கொண்டு செயலிழந்துவிடுகிறது. பெயரில் மெத்தில் இருந்தாலும், அது நீக்குவது புற்றுநோயை உண்டாக்கவல்ல சேதத்தையே அன்றி மேல்மரபியல் குறியை அன்று. அந்நொதியின் மேல்மரபியல் தொடர்பு எதிர்த்திசையில் ஓடுகிறது: அதன் மரபணுவின் ஊக்குவிப்பான் பகுதி (மரபணுவின் இயக்கம் தொடங்கும் இடம்) மெத்திலேறினால் நொதி உருவாவது நின்றுவிடும். கிளையோபிளாஸ்டோமா மூளைக்கட்டியில் அப்படி நின்றுபோன நோயாளிகள் டெமோசோலமைடு மருந்தால் கூடுதல் பயன் பெறுகிறார்கள் என்று 2005இல் காட்டப்பட்டது. பொருத்தமின்மையைச் சீரமைக்கும் எம்.எல்.எச்.1 மரபணு பெருங்குடல் புற்றுநோயில் மெத்திலேற்றத்தால் அடங்கிப்போவதும் இதே வகை. குறி சீரமைப்பை ஆள்கிறதா, சீரமைப்பு குறியை ஆள்கிறதா என்று பிரித்து எழுதாத கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரே வாக்கியத்தால் தவிர்த்திருக்கக்கூடிய குழப்பம் அது.

இரண்டாம் படி: சேதத்தை உண்டாக்குவது எது?

சீரமைப்பு நொதி குறியை மாற்ற உதவுகிறது என்றால், அதற்கு முன்னே அந்த இடத்தில் வெட்டத்தக்க ஒரு காரத்தை உண்டாக்கித் தருகிற வேறொரு நொதி இருக்க வேண்டும். அதைக் காட்டாதவரை வாதம் பாதியில்தான் நிற்கிறது.

டெட் நொதிகளின் கண்டுபிடிப்பு இந்த இடத்தை நிரப்பியது. 2009இல் அஞ்சனா ராவின் குழு, டெட்1 நொதி 5-மெத்தில்சைட்டோசினை 5-ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினாக ஆக்சிஜனேற்றம் செய்வதைக் காட்டியது. அதே சமயத்தில் கிரியாசியோனிஸ், ஹைன்ட்ஸ் ஆகியோர் அந்தக் காரம் சிறுமூளையின் புர்க்கின்ஜே நரம்பணுக்களில் நிறைந்திருப்பதைக் கண்டனர். 2011இல் டெட் நொதிகள் மேலும் இரு படிகள் சென்று 5-ஃபார்மைல்சைட்டோசினையும் 5-கார்பாக்சில்சைட்டோசினையும் உண்டாக்குகின்றன என்பதும், இவ்விரண்டையும் டி.டி.ஜி. வெட்டியெடுக்கிறது என்பதும் வெளிவந்தன. இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது, டி.டி.ஜி. 5-மெத்தில்சைட்டோசினையும் 5-ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினையும் தொடுவதில்லை என்பதே. முதல் இரண்டு நிலைகளும் வெட்டப்படாமல் நிலைக்கும், கடைசி இரண்டும் வெட்டப்படும் என்ற இந்த எல்லைக்கோடுதான் முழு வழிமுறைக்கும் கட்டுப்பாட்டைத் தருகிறது.

டெட் நொதிகளின் குடும்பப் பின்னணி இன்னும் சுவையானது. ஈ. கோலையின் ஆல்க்-பி நொதி, 1-மெத்தில்அடினின், 3-மெத்தில்சைட்டோசின் போன்ற சேதங்களை இரும்பையும் 2-ஆக்சோகுளுட்டாரேட்டையும் ஆக்சிஜனையும் கொண்டு நேரடியாக நீக்குகிறது என்று 2002இல் அறியப்பட்டது. டெட் நொதிகளும் அதே துணைப்பொருள்களோடு இயங்கும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக, மேல்மரபியல் என்று நாம் பிரித்து வைத்த பக்கத்திலும் சீரமைப்பு நொதியின் உறவினரே நிற்கிறார்.

இதிலிருந்து ஆய்வகத்துக்கு உடனடியாகப் பயன்படும் ஓர் அறிவுரை கிடைக்கிறது. வளர்ப்பு ஊடகத்தில் வைட்டமின் சி இல்லையென்றால் டெட் நொதியின் செயல் குறையும். ஆக்சிஜன் அளவும் இரும்பின் அளவும் அதனைப் பாதிக்கும். ஐ.டி.எச். மரபணுவில் புற்றுநோய்த் திடீர்மாற்றம் உள்ள செல்களில் சேரும் 2-ஹைட்ராக்சிகுளுட்டாரேட், டெட் நொதிகளையும் ஆல்க்-பி வகை நொதிகளையும் ஒருசேர அடக்கும். ஆகவே சீரமைப்பு நொதியை நீக்கிய செல்லையும் நீக்காத செல்லையும் ஒப்பிடுவதற்கு முன், இரண்டையும் ஒரே ஊடகத்தில், ஒரே அடர்த்தியில், ஒரே ஆக்சிஜன் அளவில் வளர்த்திருக்கிறீர்களா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சேதத்தை உண்டாக்கும் நொதியைத் தவறாக ஊகிப்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தேவை. நோயெதிர்ப்புச் செல்களில் எதிர்ப்புரதங்களின் மரபணுக்களை மாற்றியமைக்கும் ஏ.ஐ.டி. நொதி, மெத்திலேறிய சைட்டோசினிலிருந்து அமைன் தொகுதியை நீக்கித் தைமினாக்கி, அதன்மூலம் மெத்தில் நீக்கத்தைத் தொடங்கிவைக்கிறது என்ற கருத்து சில ஆண்டுகள் வலுவாகப் பேசப்பட்டது. ஆனால் அந்நொதி சாதாரணச் சைட்டோசினையே பெரிதும் விரும்புகிறது. மெத்திலேறியதில் அதன் செயல் பன்மடங்கு குறைவு. உயிருள்ள செல்லில் ஒரு விளைவைக் காணும்போது, தூய நொதி சோதனைக் குழாயில் அந்தக் காரத்தின்மீது போதிய வேகத்தில் செயல்படுகிறதா என்று எண்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

மூன்றாம் படி: நொதியை நீக்குவது வேறு, அதன் செயலை நீக்குவது வேறு

யூ.என்.ஜி., ஓ.ஜி.ஜி.1 (ஆக்சிஜனேற்றத்தால் சேதமுற்ற குவானினை நீக்குவது), எம்.பி.டி.4 ஆகியவற்றைத் தனித்தனியே நீக்கினாலும் எலிகள் பிறந்து வளர்கின்றன. டி.டி.ஜி.யை நீக்கினால் கரு வயிற்றிலேயே இறந்துவிடுகிறது என்று 2011இல் இரு குழுக்கள் காட்டின. கிளைக்கோசிலேஸ்களில் இது விதிவிலக்கான விளைவு. பிழை திருத்தம் மட்டுமே இதன் வேலையாக இருந்தால் கரு இறக்கவேண்டிய தேவை இல்லை என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. வளர்ச்சிக்குரிய மரபணுக்களின் ஊக்குவிப்பான் பகுதிகளில் மெத்திலேற்றமும், டி.என்.ஏ. சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதங்களின் மீதான குறிகளும் மாறியிருந்தன.

இருந்தாலும் புரதம் முழுவதையும் நீக்கும்போது இரண்டு இழப்புகள் ஒன்றாக நேர்கின்றன. டி.டி.ஜி. காரத்தை வெட்டுவதோடு, சி.பி.பி., பி300 போன்ற படியெடுத்தலை (மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதை) தூண்டும் புரதங்களோடும் இணைகிறது. அந்த இணைப்பு போனதால் விளைவு வந்ததா, வெட்டும் திறன் போனதால் வந்ததா? இதனைப் பிரித்தறிய, புரதத்தை அப்படியே வைத்துவிட்டு வெட்டும் திறனை மட்டும் கெடுத்த திடீர்மாற்றம் தேவை. எலி டி.டி.ஜி.யில் 151ஆம் இடத்து அமினோ அமிலமான அஸ்பராஜினை அலனினாக மாற்றினால் வெட்டும் திறன் அழிகிறது. அந்த எலிக் கருவும் இறந்தது. உங்கள் நொதிக்கும் இத்தகைய மாற்றுருவை உண்டாக்குங்கள். பின்னர் நொதி நீக்கிய செல்லில் இயல்பான வடிவத்தையும் செயலற்ற வடிவத்தையும் தனித்தனியே திரும்பச் சேர்த்து, இயல்பான வடிவம் மட்டுமே நிலைமையை மீட்கிறதா என்று பாருங்கள். செயலற்ற வடிவமும் மீட்டுவிட்டால், உங்கள் நொதிக்கு மரபணு ஒழுங்கமைப்பில் பங்கு உண்டு, ஆனால் அது சீரமைப்பு வேதியியலின் வழியாக அன்று என்று நேர்மையாக எழுத வேண்டும். அதுவும் மதிப்புள்ள முடிவே.

செயலற்ற வடிவத்தைக் கையாளும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இயல்பான டி.டி.ஜி.யே தான் வெட்டிய இடத்தை எளிதில் விட்டு விலகாது. சுமோ என்ற சிறு புரதம் அதன்மீது ஒட்டும்போதுதான் பிடி தளர்கிறது. வெட்டும் திறனற்ற வடிவம் காரத்தைப் பிடித்தபடியே நின்று மற்ற நொதிகளுக்கும் வழியை அடைத்துவிடலாம். அதனை மிகையாக உற்பத்தி செய்யாமல் இயல்பான அளவிலேயே வைத்திருப்பது முக்கியம்.

நான்காம் படி: செல் பிரிவின் விளைவை விலக்குங்கள்

எந்தச் சீரமைப்பும் நடக்காமலே மெத்திலேற்றம் குறையும். டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது புதிய இழையில் மெத்தில் இருக்காது; டி.என்.எம்.டி.1 அதனை நிரப்பாவிட்டால் மெத்திலேறிய இழைகளின் பங்கு ஒவ்வொரு இரட்டிப்புக்கும் பாதியாகும். மூன்று இரட்டிப்புகளுக்குப் பின் எட்டில் ஒரு பங்கே எஞ்சும். 5-ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசின் உள்ள இடத்தை டி.என்.எம்.டி.1 சரியாக இனங்காணாததால், டெட் நொதி முதற்படியை மட்டும் செய்துவிட்டு நின்றாலும் இரட்டிப்பின் வழியாக மெத்தில் கரைந்துபோகும். அப்போது டெட் நொதிக்குப் பங்கு உண்டு, சீரமைப்பு நொதிக்கு இல்லை.

எனவே உங்கள் அளவீட்டுக் காலத்துக்குள் செல்கள் எத்தனை முறை பிரிந்தன என்று எண்ணுங்கள். மெத்தில் குறைந்த வேகம் பாதியாகும் கணக்கைவிட மிகுந்திருந்தால் மட்டுமே நொதிகள் தாமே செய்யும் செயல்வழி நீக்கத்தைப் பற்றிப் பேசலாம். பிரியாத செல்களில், குறிப்பாக முதிர்ந்த நரம்பணுக்களில், சோதிப்பது இன்னும் உறுதியானது. இரட்டிப்பைத் தடுக்கும் அஃபிடிகோலின் போன்ற வேதிப்பொருள்களைப் பயன்படுத்தினால், அவையே டி.என்.ஏ. சேதத்தை எழுப்பிச் சீரமைப்பு நொதிகளைத் தூண்டிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அளவிடும் முறைகள்

இத்துறையின் தவறான முடிவுகளில் பெரும்பகுதி அளவீட்டில்தான் பிறக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆகவே இதனைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1992இல் மரியன் ஃபிராமரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட பைசல்ஃபைட் முறை, சாதாரணச் சைட்டோசினை யுராசிலாக மாற்றி, மெத்திலேறியதை அப்படியே விட்டுவிடுகிறது. வரிசைப்படுத்தும்போது மாறியது தைமினாகவும் மாறாதது சைட்டோசினாகவும் படிக்கப்படும். ஆனால் இம்முறை 5-மெத்தில்சைட்டோசினையும் 5-ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினையும் பிரித்துக் காட்டாது. மேலும், ஃபார்மைல், கார்பாக்சில் வடிவங்கள் இரண்டும் மெத்தில் இல்லாததைப் போலவே தைமினாகப் படிக்கப்படும். இதன் பொருளை ஆழ்ந்து எண்ணிப் பாருங்கள்: டி.டி.ஜி.யை நீக்கியதால் ஃபார்மைல் வடிவம் வெட்டப்படாமல் தேங்கி நின்றாலும், பைசல்ஃபைட் முடிவு அங்கே மெத்தில் முழுவதுமாக நீங்கிவிட்டது என்றே சொல்லும். சீரமைப்பு நொதியின் பங்கை அறியும் சோதனையில் சீரமைப்பு நடந்ததும் நடக்காததும் ஒன்றுபோலத் தோன்றும் முறையை மட்டும் நம்பியிருப்பது வீண்.

2012இல் வந்த இரு முறைகள் இதற்கு வழி திறந்தன. முதலாவதில் ஹைட்ராக்சிமெத்தில் வடிவத்தை வேதிமுறையில் ஃபார்மைலாக ஆக்சிஜனேற்றம் செய்தபின் பைசல்ஃபைட்டைப் பயன்படுத்துகிறார்கள். அப்போது உண்மையான மெத்தில் மட்டுமே சைட்டோசினாகப் படிக்கப்படும். இரண்டாவதில் ஹைட்ராக்சிமெத்தில் மீது குளுக்கோஸை ஏற்றிக் காப்பாற்றிவிட்டு, மெத்திலை டெட் நொதியால் கார்பாக்சிலாக்குகிறார்கள். அப்போது ஹைட்ராக்சிமெத்தில் மட்டும் சைட்டோசினாக நிற்கும். மற்றொரு முறையில், மெத்தில் இல்லாத சி.பி.ஜி. இணைகள் அனைத்தையும் பாக்டீரிய மெத்தில் ஏற்றி நொதியால் முதலில் நிரப்பிவிட்டுப் பைசல்ஃபைட் செய்தால், தைமினாகப் படிக்கப்படுபவை ஃபார்மைல் அல்லது கார்பாக்சில் வடிவங்களே. டி.டி.ஜி. பற்றிய கேள்விக்கு இந்த மூன்றாவது முறையே நேரடியான விடை தரும்.

ஒரு முடிவிலிருந்து மற்றொன்றைக் கழித்து ஹைட்ராக்சிமெத்திலைக் கணக்கிடுபவர்கள் புள்ளியியலையும் பார்த்தாக வேண்டும். ஓர் இடத்தில் சாதாரணப் பைசல்ஃபைட் 80 விழுக்காடும், ஆக்சிஜனேற்றிய முறை 70 விழுக்காடும் காட்டுவதாகக் கொள்வோம். வேறுபாடு 10. ஒவ்வொன்றும் 30 படிப்புகளிலிருந்து (வரிசைப்படுத்தலில் அந்த இடம் 30 முறை படிக்கப்பட்டதிலிருந்து) வந்தவை என்றால், அவ்வேறுபாட்டின் திட்டப்பிழை ஏறத்தாழ 11 புள்ளிகள். அதாவது அந்த 10க்குப் பொருளே இல்லை. 300 படிப்புகள் இருந்தால் திட்டப்பிழை 3.5ஆகக் குறையும். 1000 இருந்தால் 2க்குச் சற்றுக் கீழே வரும். தனித்தனி இடங்களைப் பற்றிப் பேச வேண்டுமெனில் அந்த இடங்களை மட்டும் தேர்ந்து ஆழமாக வரிசைப்படுத்துங்கள். முழு மரபணுத்தொகுதியையும் மேலோட்டமாகப் படித்தால் பல இடங்களின் சராசரியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மொத்த அளவுக்கு நீர்மநிறப்பகுப்போடு இணைந்த நிறைமாலைமானியே நம்பத்தக்கது. 2011இல் எலியின் கருக் குருத்தணுக்களில் அளந்தபோது, 10 இலட்சம் சைட்டோசின்களுக்கு ஹைட்ராக்சிமெத்தில் சுமார் 1300, ஃபார்மைல் சுமார் 20, கார்பாக்சில் சுமார் 3 என்று கிடைத்தன. ஃபார்மைலும் கார்பாக்சிலும் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு டி.டி.ஜி. அவற்றை இடைவிடாது நீக்குவது ஒரு காரணம், டி.டி.ஜி.யைக் குறைத்தால் அவை பல மடங்கு பெருகுகின்றன, அதுவும் மரபணுக்களைத் தொலைவிலிருந்து தூண்டும் மேம்படுத்திப் பகுதிகளில். இவ்வளவு அரிதான காரங்களை அளக்கும்போது சிறு மாசும் பெரும் பொய் சொல்லும். பாக்டீரியா கலந்த மாதிரியில் மெத்தில்அடினின் ஏராளமாகத் தெரியும். டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் வேலையிலேயே குவானின் ஆக்சிஜனேற்றம் அடைந்து 8-ஆக்சோகுவானின் உண்டாகிவிடும்.

தாவரங்களைத் துணைச்சான்றாகக் கொள்ளுங்கள்

பாலூட்டிகளில் இத்தனை சுற்றுவழியாக நடப்பது தாவரங்களில் நேர்வழியில் நடக்கிறது. அராபிடாப்சிஸ் செடியின் டிமீட்டர், ராஸ்1 ஆகிய கிளைக்கோசிலேஸ்கள் 5-மெத்தில்சைட்டோசினையே நேராக வெட்டியெடுக்கின்றன. இரண்டையும் பற்றிய முதல் அறிக்கைகள் 2002இல் வந்தன. டிமீட்டர், பெண் இனச்செல் திசுவின் மையச் செல்லில் செயல்பட்டு, தாய்வழி வந்த மெடியா மரபணுவை மட்டும் இயங்கச் செய்கிறது. அது இல்லையென்றால் விதை வளர்ச்சி சிதைகிறது. ஒரு சீரமைப்பு நொதி மேல்மரபியல் நொதியாகவே பரிணமித்திருக்க முடியும் என்பதற்கு இது ஐயமற்ற சான்று. உங்கள் நொதியைப் பற்றிய வாதத்தை எழுதும்போது, டிமீட்டருக்கு இருக்கும் சான்றுகளில் எவை உங்கள் நொதிக்கும் இருக்கின்றன, எவை இல்லை என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தூய நொதி குறியை வெட்டுகிறது, குறிப்பிட்ட செல்லில் குறிப்பிட்ட காலத்தில் வெட்டுகிறது, வெட்டாவிட்டால் குறிப்பிட்ட மரபணு அடங்கிவிடுகிறது என்ற மூன்றும் டிமீட்டருக்கு உண்டு.

சான்று இன்னும் முழுமை பெறாத நொதிகள்

கேட்45ஏ என்ற புரதம் எக்ஸ்.பி.ஜி. என்ற சீரமைப்பு நொதியின் துணையோடு மெத்திலை நீக்குகிறது என்று 2007இல் ஓர் அறிக்கை வந்தது. 2008இல் வேறொரு குழு அந்த விளைவைக் காணவில்லை. பின்னாளில் கேட்45ஏ, டெட்1ஐயும் டி.டி.ஜி.யையும் குறிப்பிட்ட இடத்துக்கு அழைத்துவரும் துணைப்புரதமாகக் காட்டப்பட்டது. முரண்பட்ட முடிவுகளைக் கண்டதும் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிடாமல், புரதம் தானே வேலை செய்கிறதா, வேலைக்காரரை அழைத்துவருகிறதா என்று கேட்டால் வழி பிறக்கிறது.

8-ஆக்சோகுவானினை நீக்கும் ஓ.ஜி.ஜி.1 சற்று வேறு வகை. எல்.எஸ்.டி.1 நொதி ஹிஸ்டோனிலிருந்து மெத்திலை நீக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அது அருகிலுள்ள குவானினை ஆக்சிஜனேற்றம் செய்ய, ஓ.ஜி.ஜி.1 அங்கே வந்து படியெடுத்தலுக்கு உதவுகிறது என்று ஈஸ்ட்ரோஜனுக்கு விடையளிக்கும் மரபணுக்களில் 2008இல் காட்டப்பட்டது. வி.இ.ஜி.எஃப். மரபணுவின் ஊக்குவிப்பானில், குவானின் நிறைந்து நான்கிழை முடிச்சு போடவல்ல இடத்தில் 8-ஆக்சோகுவானின் இருந்தால் படியெடுத்தல் கூடுகிறது என்று 2017இல் வெளிவந்தது. இவை அழகிய சான்றுகள். ஆனால் 8-ஆக்சோகுவானின் செல் பிரிவைத் தாண்டி மகள் செல்லுக்குச் செல்கிறது என்பதற்கான வழிமுறை எதுவும் இவற்றில் இல்லை. ஆகையால் இதனைப் படியெடுத்தல் ஒழுங்கமைப்பு என்று சொல்வதே பொருத்தம். மேல்மரபியல் குறி என்ற பெயரைச் சூட்ட நான் தயங்குவேன்.

குறி எழுதும் நொதிகள் சீரமைப்பு நடக்கும் இடத்துக்கு வருவதும் உண்டு. டி.என்.எம்.டி.1, பி.சி.என்.ஏ. என்ற வளையப் புரதத்தின் வழியாகச் சேதமடைந்த இடத்தில் கூடுகிறது. சீரமைக்கப்பட்ட துண்டில் பழைய குறியை மீட்பதற்கு இது தேவை. இரட்டை இழை முறிவைச் சீரமைத்த பின் சில செல்களில் அந்த மரபணு மெத்திலேறி அடங்கிவிடுவது 2007இல் காணப்பட்டது. சீரமைப்பின் தழும்பு என்று அதனைக் கருதலாம்.

முறிவுகளைத் தேடுங்கள்

குறியை மாற்ற இழையை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டின் தடயம் கிடைத்தே தீர வேண்டும். இது பலர் விட்டுவிடும் சோதனை. சி.பி.ஜி. இணை இரு இழைகளிலும் சமச்சீராக இருப்பதால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டப்பட்டால் டி.என்.ஏ. முழுதாக முறிந்துவிடும். டெட்1, டி.டி.ஜி., ஏனைய சீரமைப்பு நொதிகள் அனைத்தையும் சோதனைக் குழாயில் சேர்த்து 2016இல் செய்த ஆய்வு, ஓரிழையை முடித்த பின்னரே மற்றதைத் தொடும் ஒழுங்கு அவற்றுக்கு உண்டு என்று காட்டியது. 2021இல் இரு குழுக்கள், பிரியாத நரம்பணுக்களின் மேம்படுத்திப் பகுதிகளில் ஒற்றை இழை முறிவுகளும் அவற்றின் சீரமைப்பும் திரும்பத் திரும்ப நடப்பதைக் கண்டன. அவ்விடங்கள் மெத்தில் நீக்கம் நடக்கும் சி.பி.ஜி. இணைகளோடு ஒத்திருந்தன. உங்கள் நொதி வேலை செய்வதாக நீங்கள் சொல்லும் இடத்தில் இழை முறிந்த இடத்தில் உண்டாகும் பாலி-ஏ.டி.பி.-ரைபோஸ் சங்கிலிகளும் எக்ஸ்.ஆர்.சி.சி.1 புரதமும் கூடுகின்றனவா, அங்கே புதிய நியூக்ளியோடைடு சேர்கிறதா என்று பாருங்கள். மெத்தில் மட்டும் குறைந்து, முறிவின் தடயம் எதுவுமே இல்லையென்றால், இரட்டிப்பின் வழியான கரைவைத்தான் மீண்டும் ஐயுற வேண்டும்.

கடைசியாகச் செய்ய வேண்டிய சோதனை

மேற்சொன்ன அனைத்தும் ஒத்துவந்த பின், ஒரே ஓர் இடத்தில் வழிமுறையைத் தொடங்கிப் பார்க்கலாம். வெட்டும் திறன் நீக்கிய காஸ்9 புரதத்தோடு டெட்1இன் செயற்பகுதியை இணைத்து, வழிகாட்டி ஆர்.என்.ஏ.யின் துணையால் விரும்பிய மரபணுவுக்கு அனுப்பி மெத்திலை நீக்கலாம் என்று 2016இல் காட்டப்பட்டது. அதே இணைப்புப் புரதத்தை உங்கள் சீரமைப்பு நொதி உள்ள செல்லிலும் இல்லாத செல்லிலும் செலுத்துங்கள். டெட் பகுதியின் செயலை அழித்த வடிவத்தையும் உடன் செலுத்துங்கள். நொதி உண்மையிலேயே வழிமுறையில் பங்கேற்கிறது என்றால், அது இல்லாத செல்லில் அந்த இடம் ஃபார்மைல், கார்பாக்சில் வடிவங்களில் தேங்கி நிற்க வேண்டும். உள்ள செல்லில் மெத்தில் இல்லாத சைட்டோசினாக முடிய வேண்டும். அதன்பின் இணைப்புப் புரதத்தைச் செல்லிலிருந்து அகற்றிவிட்டு, செல்களைப் பத்துப் பன்னிரண்டு முறை பிரியவிட்டு, அதே இடத்தை மீண்டும் வரிசைப்படுத்துங்கள். மெத்தில் திரும்பி வந்திருக்கிறதா, மரபணு இன்னும் இயங்குகிறதா என்ற இரண்டையும் தனித்தனியே பதிவுசெய்யுங்கள்; ஏனெனில் இவை இரண்டும் எப்போதும் சேர்ந்தே மாறுவதில்லை.